யாருக்கு வீண்?

ஊத்துக்கோட்டையில் ஆரணியாறு கரை நிரம்பி ஓடுவது வருஷத்தில் சில நாட்கள்தான். மேலே ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டதால் தரைப்பாலம் முழுகிப் போக்குவரத்து நின்ற வருஷங்கள் உண்டு. அப்படி நீர் வரும் நாட்களில் கரையில் நிற்பவர்களிடையே தவறாமல் காதில் விழும் ஒரு வாக்கியம்: 'இவ்வளவு தண்ணியும் வேஸ்ட்டா கடலுக்குப் போகுது.' மறுநாள் பத்திரிகையில் இதுவே 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று அச்சாகும். சொல்பவர் விவசாயியாக இருக்கலாம், லாரி டிரைவராகவோ வாத்தியாராகவோ இருக்கலாம். இதை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை. மறுப்பே இல்லாமல் புழங்கும் வாக்கியங்களைச் சந்தேகத்துடன் பார்ப்பது எழுதுகிறவனின் வேலைகளில் ஒன்று. அந்த வாக்கியத்தில் உள்ள ஒரே ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை.

'வேஸ்ட்' இன்று தமிழ்ச் சொல்தான். சோறு வேஸ்ட்டாகிறது, நேரத்தை வேஸ்ட் பண்ணுகிறோம், அந்தப் படம் வேஸ்ட், அவனிடம் சொல்லி வேஸ்ட், அவனே ஒரு வேஸ்ட். பெயர், வினை, அடை என்று எல்லா வேஷமும் அதற்குப் பொருந்திவிடுகிறது. 'கழிவு' என்றோ 'வீண்' என்றோ சொன்னால் போதாதா என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். போதாது. அந்த ஒரு சொல் வந்து உட்கார்ந்த இடத்தில் முன்பு பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருந்தன. அவை ஒன்றுக்கு ஒன்று பதிலாக நிற்கக்கூடியவை அல்ல. பயிர் வைக்காத நிலம் தரிசு. குடி பெயர்ந்த ஊர் பாழ். மணி பிடிக்காத நெல் பதர். அரைத்தபின் மிஞ்சுவது உமியும் தவிடும். பிழிந்தபின் சக்கை. அடியில் தங்குவது கசடு. உண்டபின் எச்சில். பொன்னில் குறைவது சேதாரம். பணத்தில் விரயம். பாடுபட்டும் பலன் இல்லையென்றால் வியர்த்தம்.

இவை ஒவ்வொன்றிலும் அதை உண்டாக்கிய வேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூற்றுகிற கை இல்லாமல் பதர் இல்லை. ஆலை இல்லாமல் சக்கை இல்லை. அடுத்துப் போகிற இடமும் அநேகமாகத் தெரிந்ததே. தவிடு மாட்டுக்கு, சக்கை வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கு, உமி தட்டாரின் உமியோட்டுக்கு. 'குப்பை' என்ற சொல்லுக்கே குவியல் என்று ஒரு பழைய பொருள் உண்டு. நிலத்துக்குக் குப்பை அடித்தாயிற்றா என்று கேட்கும் குடியானவன் எருவைப் பற்றித்தான் கேட்கிறான். 'வேஸ்ட்' என்பதில் எந்த வேலையிலிருந்து வந்தது என்ற தடயமும் இல்லை, எங்கே போகும் என்ற விலாசமும் இல்லை. அது பொருளை வர்ணிப்பதில்லை; பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. தீர்ப்பு என்றால் சொன்னவர் ஒருவர் இருக்க வேண்டும். சொன்னவரை மறைத்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் பொருளின் சுபாவம்போல அதன்மேல் ஒட்டிவிடுவது இந்தச் சொல்லின் சாமர்த்தியம். 'இது எனக்குப் பயன்படவில்லை' என்பதற்கும் 'இது வேஸ்ட்' என்பதற்கும் இடையே காணாமல் போயிருப்பது ஒரு நான்காம் வேற்றுமை உருபு. அந்த உருபைத் திரும்பக் கேட்பது, அதாவது 'யாருக்கு?' என்று கேட்பது, இலக்கணத்தோடு முடிகிற காரியம் அல்ல. அது ஒரு அறப் பிரச்னை என்பதே நான் சொல்ல வருவது.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் தொடக்கத்தில் இப்படி இல்லை. அதன் மூலம் லத்தீனில் 'வாஸ்டஸ்': வெறுமையான, ஆளரவமற்ற. பரப்பைக் குறிக்கும் 'வாஸ்ட்', நாசத்தைக் குறிக்கும் 'டெவஸ்டேட்' இரண்டும் அதே வேர். முதலில் குறித்தது குப்பையை அல்ல, வெளியை. 1922இல் டி. எஸ். எலியட் தன் கவிதைக்கு வைத்த தலைப்பில் இருப்பது அந்தப் பழைய பொருள். அதைப் 'பாழ்நிலம்' என்பதா, 'தரிசு நிலம்' என்பதா என்று மொழிபெயர்ப்பவர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. தரிசை நாளை உழலாம். பாழில் ஏற்கெனவே யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் சுற்றத்தாரும் ஒரு காலத்தில் வேலையோடு இருந்தவர்கள்தாம். 'ஜங்க்' என்பது கப்பலில் தேய்ந்துபோன பழங்கயிறு. 'கார்பேஜ்' கோழி வாத்துகளின் குடல் ஈரல், சமையலுக்குப் போனது. 'லிட்டர்' படுக்கை, பிறகு மாட்டுக்குப் பரப்பிய வைக்கோல். இவற்றுள் 'ரெஃப்யூஸ்' ஒன்றுதான் ஒளிவு மறைவு இல்லாதது. அழுத்தத்தை இடம் மாற்றி உச்சரித்தால் அதுவே மறுப்பது என்ற வினை. மறுத்தவர் ஒருவர் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இங்கிலாந்துக் கிராமத்தில் 'வேஸ்ட்' என்பது பிரபுவின் எல்லைக்குள் உழாமல் கிடந்த பகுதி. ஊரார் ஆடுமாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். கணக்கில் வெறுமையாக இருந்த இடம் அவர்கள் வாழ்க்கையில் வெறுமையாக இல்லை. வேலி போட்டு வளைக்கும் சட்டங்கள் வந்தபோது சொல் தன் இரண்டாவது உத்தியோகத்தை ஏற்றது: வெறும் நிலம்தானே, யாருக்கு நஷ்டம்? இதற்குத் தத்துவமும் இருந்தது. 1689இல் வெளியான அரசு பற்றிய இரண்டாவது ஆய்வில் ஜான் லாக், உழைப்புக் கலந்த நிலமே சொத்து என்றும், இயற்கையின் கையில் விட்ட நிலத்தை வேஸ்ட் என்று அழைப்பது சரியே என்றும் வாதித்தார். அவர் மனதில் இருந்த உதாரணம் அமெரிக்கா. அங்கே வேட்டையாடியும் காட்டைப் பேணியும் வாழ்ந்தவர்களின் உழைப்பு, நிலத்தில் உரிமை தரும் உழைப்பாக அவருக்குப் படவில்லை. கரோலினா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்கு அவர் காரியதரிசியாக இருந்தவர் என்பதை இங்கே மறக்க வேண்டியதில்லை.

அந்தச் சொல் கப்பலேறி வந்து இறங்கிய இடங்களில் நம் இடமும் ஒன்று. ஊத்துக்கோட்டை 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனி 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து பெற்றது. பிறகு எழுந்த தகராறுகளில் முக்கியமானது: தரிசு யாருடையது? ஊர் எல்லைக்குள் கிடக்கும் தரிசும் தங்கள் காணிதான் என்றார்கள் மிராசுதார்கள். சர்க்காருடையது என்றது மறுதரப்பு. எல்லிஸ் துரை 1818இல் வெளியான மிராசு உரிமை பற்றிய பதில்களில் இதை விரிவாக அலசினார். இந்த இழுபறியில் கணக்குப் புத்தகம் ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டது: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. மண் எப்படி, அங்கே என்ன முளைக்கிறது, யார் நடமாடுகிறார்கள் என்பவை இந்தப் பிரிவுகளுக்குப் பொருட்டல்ல. சர்க்காருக்கு வரி உண்டா என்பதே கேள்வி.

இருவர் வாதாடிய வழக்கில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அந்த ஊர்களில் உண்மையாகவே உழுதவர் அவர். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். பண்ணையாள் தரிசு கேட்டுத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை என்றிருந்தது. மனு வந்ததும் அவர் நிலம் தனக்கு வேண்டும் என்பார். நிலம் பண்ணையாள் கைக்குப் போகாது. போனால் மறுநாள் பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காது. ஆகவே தரிசு தரிசாகவே கிடப்பது ஒருவருக்கு வருமானம். 'வேஸ்ட்' என்று எழுதப்பட்ட நிலம் ஒருபோதும் வேஸ்ட்டாக இருந்ததில்லை. மற்றவனை நிலமற்றவனாக வைத்திருக்கும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற நிலங்கள் அதன் வழி கிடைத்தவை. 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வேற்றுச் சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிற்று. அதைத் திரும்பக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பகுதியில் எழுந்த காரணைப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஒரு காலத்தில் கணக்கில் தரிசு என்று எழுதிய மண்ணுக்காகக் கொடுத்த விலை அது.

சுதந்திர இந்தியா இந்தச் சொல்லைக் கைவிடவில்லை. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. பிறகு தரிசு நிலங்களுக்கென்று தனி வரைபடத் தொகுதிகள் வந்தன. புதர்க்காடும் உவர்மண்ணும் மணல்வெளியும் தேய்ந்த மேய்ச்சல் நிலமும் அவற்றில் ஒரே இனம். ஆடு மேய்ப்பவளுக்கு அவை ஒரே இனம் அல்ல என்பதை வரைபடம் கேட்டுக்கொள்ளாது. 'புறம்போக்கு' என்ற சொல்லோ மனிதரைத் திட்டும் வசவாகிவிட்டது. 2017இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியைப் பற்றி அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்துப் பாடியபோதுதான், பொதுவில் உள்ளதற்குப் பெயர் அது என்பது பலருக்கு நினைவு வந்தது.

இதையெல்லாம் வெள்ளைக்காரனின் சொல்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. 'வெட்டி' என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய ஊழியம் என்று பொருள். 'வெட்டியான்' என்ற பெயரும் இதை ஒட்டியதே. இன்று வெட்டிப் பேச்சு, வெட்டிவேலை, வெட்டிப்பயல் என்கிறோம். கூலி கொடுக்காத வேலையைக் குறித்த சொல் எப்படி உபயோகமற்ற வேலையைக் குறிக்கலாயிற்று? பலனை அனுபவித்தவர்கள் கூலி கொடுக்கவில்லை. பிறகு கூலி இல்லாததையே பலன் இல்லாததற்கு அத்தாட்சியாக்கிவிட்டார்கள். நாளெல்லாம் சமைத்துத் துவைத்துக் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்பதும் இதே தர்க்கம்தான்.

'எச்சில்' இன்னும் கொடியது. உண்டவர் எழுந்தபின் இலையை எடுக்கும் கை யாருடையது என்பதைச் சாதி தீர்மானித்தது. தான் கழித்ததை எவர் கையில் ஒரு சமூகம் கொடுக்கிறதோ, அவரையே அது கழிவாக எண்ணத் தொடங்குகிறது. மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை ஏவக் கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. மலக்குழிச் சாவுகள் அதன் பிறகும் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் பழைய சொற்களுக்கு விலாசம் உண்டு என்று மேலே சொன்னேன். அந்த விலாசம் பல சமயம் ஒரு சேரியுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது வெறும் பழமைப் புகழ்ச்சியாகிவிடும்.

இப்போது ஆரணியாற்றுக்கு வருவோம். கடலுக்குப் போவதாகச் சொல்லும் இந்த நீர் நேரே கடலுக்குப் போவதில்லை. கீழே பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. ஆற்று நீர் இறங்கும்போது ஏரியின் உப்புக் குறைகிறது. நல்ல நீரும் கடல்நீரும் கலக்கும் அந்தப் பதத்தில்தான் இறாலும் மீனும் நண்டும் வளர்கின்றன. வெள்ளத்தின் வேகம் முகத்துவாரத்தில் சேர்ந்த மணலைத் தள்ளுகிறது. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரி மூச்சு முட்டும். பாடு முறைப்படி முறைவைத்து வலை போடும் ஊர்களின் பிழைப்பும் அதோடு போகும். ஊத்துக்கோட்டையில் வேஸ்ட் என்று பெயர்பெற்ற நீருக்குப் பழவேற்காட்டில் வரத்து என்று பெயர்.

அதே ஊத்துக்கோட்டைக்கு அருகில்தான் ஜீரோ பாயிண்ட் என்கிற இடத்தில் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1976இல் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றும் சென்னைக்காக ஆளுக்கு 5 டி.எம்.சி. கொடுக்கச் சம்மதித்தன. 1983இல் ஆந்திரத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1996இல் நீர் பூண்டிக்கு வந்தது. மொத்தம் 15 டி.எம்.சி.; எல்லையில் தர வேண்டியது 12. வழியில் ஆவியாகவும் கசிந்தும் போவதற்கு 3. தட்டார் பாஷையில் இது சேதாரம். நகை வாங்குகிறவர் சேதாரத்துக்குப் பணம் கொடுக்கிறார். ஆனால் அந்தப் பொன் மாயமாவதில்லை. பட்டறைத் தூசியில் இருக்கிறது. தட்டார் தெருவின் மண்ணை வாரி அரித்துப் பொன் பிரித்துப் பிழைப்பவர்கள் உண்டு. கால்வாயில் கசிந்த நீரும் அப்படியே. கரையோரக் கிணற்றில் அது ஊற்று. எழுதிய கணக்குக்கு வெளியே போனது உலகத்துக்கு வெளியே போய்விட்டதாக எண்ணுவதே கணக்கனின் பிரமை.

இதனால் அணை வேண்டாம், தடுப்பணை வேண்டாம் என்று ஆகிவிடாது. 2019 கோடையில் பூண்டி உட்பட சென்னையின் ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களும் 'யாருக்கு?' என்ற கேள்விக்கு உரிய பதில்தான். நகரத்தின் தாகம் உண்மை, பழவேற்காட்டின் வலையும் உண்மை. இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போது பேரம் பேசலாம், பங்கிடலாம், ஒருவர் விட்டுக்கொடுத்ததற்கு ஈடு தரலாம். 'வேஸ்ட்டாகப் போகிறது' என்று சொன்ன கணமே ஒரு கட்சிக்காரர் வழக்கிலிருந்து நீங்கிவிடுகிறார். அவருக்கு ஈடு தர வேண்டியதில்லை. அவர் இருப்பதே பதிவாகவில்லை.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. உமியும் தவிடும் அரித்த பொன்னும் பேசுவது சுலபம்; எல்லாவற்றுக்கும் அடுத்த விலாசம் இருக்கிறதா? ஊத்துக்கோட்டையின் கிழக்கே கும்மிடிப்பூண்டி. அங்கே உருக்கு ஆலைகள் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்கின்றன; காயலான் கடைச் சாமான் நாளைய வீட்டின் கான்கிரீட்டுக்குள் போகிறது. இதுவரை தவிட்டின் கதைதான். ஆனால் அதே சிப்காட்டில் அபாயகரமான கழிவுகளைப் புதைத்து வைக்கும் நிலமும் உண்டு. பனியன் வேஸ்ட்டைப் பாருங்கள். திருப்பூரில் வெட்டித் தள்ளிய துணி கிலோக் கணக்கில் விற்கும் சரக்கு. மெஷின் துடைக்க இங்கே வருகிறது. துடைத்தபின், ரசாயனமும் எண்ணெயும் தோய்ந்த அதே துணி, 2016ஆம் வருஷத்து விதிகளின்படி அபாயகரக் கழிவு. ஒரே துணி இரண்டு முறை வேஸ்ட்: முதல் முறை பெயர் பொய், இரண்டாம் முறை பெயர் போதாது. அதை மாடு தின்னாது, நிலம் ஏற்காது.

ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஏற்றபின்னும் கேள்வி விழுந்துவிடவில்லை, திசைதான் மாறுகிறது. ஆற்று நீரைப் பற்றி, தரிசைப் பற்றி 'யாருக்கு வீண்?' என்று கேட்டோம். நஞ்சைப் பற்றிக் கேட்க வேண்டியது 'யாருக்கு மிச்சம்?' என்பது. 'வேஸ்ட்' இரண்டையும் ஒரே மூச்சில் அழிக்கிறது. பயன் உள்ளதைப் பயனற்றது என்று சொல்லிப் பறிக்கவும், பயனற்றது என்பதற்கும் மேலாகக் கொல்லக்கூடியதைச் சாதாரணக் குப்பை என்று சொல்லிப் பக்கத்து ஊரில் கொட்டவும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் தப்பித்துக்கொள்பவர் ஒருவரே: சொன்னவர்.

தமிழில் இதற்கு எதிர்முனையில் நிற்கும் சொல் ஒன்று உண்டென்றால் அது 'எச்சம்' என்று தோன்றுகிறது. எச்சிலும் அதன் உறவு என்பதால் அது மாசற்ற சொல் அல்ல. பறவை இட்டதும் எச்சம்; கோயில் கோபுரத்தில் ஆல் முளைப்பது அதிலிருந்துதான். ஒருவர் விட்டுச்செல்லும் சந்ததியும் எச்சம். ஒருவரது தகுதியை அவர் விட்டுச்சென்றதை வைத்து அறியச் சொல்லும் குறளில் இருக்கும் சொல்லும் இதுவே. இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம். தன்னளவில் முடியாமல், வரப்போகிற ஒரு பெயருக்கோ வினைக்கோ காத்து நிற்பவை. வரவேண்டியது வந்தால்தான் வாக்கியம் நிற்கும். 'வேஸ்ட்' என்பதோ முற்று. அதன்பின் யாரும் வரவேண்டியதில்லை என்று அறிவிப்பது.

பரீட்சையில் தவறிய பையனை, காண்டிராக்ட் முடிந்து நாற்பது வயதில் ஆலைக் கதவுக்கு வெளியே நிற்பவரை, படுக்கையில் கிடக்கும் கிழவியை நாம் முற்றில் சொல்கிறோம். உதவாக்கரை, தண்டம், வெட்டி என்பவையெல்லாம் இப்போது ஒரே சொல்லில் அடங்கிவிட்டதால் சொல்வது இன்னும் லேசாகிவிட்டது. உதவாக்கரை என்பதிலாவது உதவி என்ற நினைவு இருந்தது; யாருக்கு உதவவில்லை என்று கேட்க ஒரு சந்து இருந்தது. மனிதரை எச்சமாகப் பார்ப்பது என்றால் அவர்மேல் கருணை காட்டுவது என்று அர்த்தமில்லை. வாக்கியம் முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை என்பதை உணர்ந்திருப்பது, அவ்வளவுதான்.

சிப்காட்டு மண்ணுக்கடியில் மூடி வைத்திருப்பதும் எச்சம்தான். அதுவும் யாருக்கோ காத்திருக்கிறது. அதைப் பெறப்போகிறவர்களையும் தமிழ் அதே சொல்லால்தான் அழைக்கிறது.